பச்சைக் குரல்

காலை ஆறரை மணிக்கு உலகம்மை ஒளிக்குடிலின் இரும்புக் கதவைத் திறந்தாள். கயத்தாற்றுக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒற்றை அறைக் கட்டடம் அது. சன்னல் கிடையாது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே மார்கழிதான். பேட்டரிகளின் அளவைப் பார்த்தாள். விசிறிகளில் படிந்திருந்த செம்மண் தூசியைத் துடைத்தாள். அடுக்கடுக்காக நின்ற கருவிகளில் பச்சை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று ஒரு பார்வை ஓட்டினாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை.

குடிலின் தரைக்கடியில் ஒரு கேபிள் போகிறது. அதற்குள் இருநூற்று எண்பத்தெட்டுக் கண்ணாடி இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடி அளவு. இங்கிருந்து நாக்பூர் வரைக்கும் பதினேழு குடில்கள். நூறு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் ஒரு குடிலில் ஒளிக்குத் தெம்பூட்டி அனுப்புவார்கள். எல்லாமே தென்திசை மொத்த இழையகத்தின் சொத்து. பெயரில் இருப்பதுபோலவே மொத்த வியாபாரம். வெங்காய மண்டிக்காரன் வீட்டுக்கு வீடு கால் கிலோ நிறுத்துக் கொடுப்பதில்லை அல்லவா? இழையகமும் செல்பேசி நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நாக்பூரின் எந்திர மூளைகளுக்கும் மூட்டை மூட்டையாக ஒளியை விற்றது. சில்லறையாக விற்பது அவரவர் பாடு.

எட்டு மணிக்கு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். நயினார் நாக்பூரில் எந்திர மூளைகளைக் குளிர்விக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறான். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் அங்கேதான். திரையில் அவன் முகம் வந்தது. எப்போதும்போல் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

"என்னடே, சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. இட்லி. நீ மாத்திரை போட்டியா?"

"போட்டேன். உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வாரேன்னு சொல்லிட்டுப் போன வருசமும் வரல. போன மாசம் இந்த வருச உத்திரமும் போயிருச்சு."

"லீவு கிடைக்கலக்கா. அடுத்த வருசம் கண்டிப்பா வாரேன்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. ஆறு நிமிடம் பேசினார்கள். இடையில் ஒரு தும்மல் இல்லை, ஒரு 'என்ன சொன்னே?' இல்லை.

இருக்கவும் முடியாது. அவள் பார்த்தது நயினாரின் முகமும் அல்ல, கேட்டது அவன் குரலும் அல்ல. இரண்டும் வார்ப்பு. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கடலடிக் கேபிள்கள் வரிசையாக அறுந்து இழைப்பஞ்சம் வந்தபோது அரசு ஒரு பங்கீட்டுச் சட்டம் போட்டது. மனிதர் பேச்சு இழையில் அப்படியே போகக்கூடாது. பேசியதன் சாரத்தைச் சுருக்கிக் கருவாக அனுப்ப வேண்டும். மறுமுனையிலுள்ள கருவி அந்தக் கருவை வாங்கி, பேசியவரின் பழைய பதிவுகளிலிருந்து முகமும் குரலும் வார்த்துக் காட்டும். முதலில் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். பிறகு ஐஸ்பெட்டி மீனைத் தின்று பழகியதுபோல இதற்கும் பழகிவிட்டார்கள். சொல்லப்போனால் வார்ப்பில் எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு அபாயமணி அடித்தது. அத்தனை விளக்குகளும் ஒரே நொடியில் சிவப்பு.

குடிலிலிருந்து நான்கு கிலோமீட்டர் வடக்கே புதுக் காற்றாலைக்குக் குழி தோண்டிய மண்வாரி கேபிளைக் கவ்வி இழுத்துவிட்டது. உலகம்மை வேனை எடுத்துக்கொண்டு போனபோது மண்வாரிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வடக்கிலிருந்து கோயில்பட்டிக் குடிலின் ராசப்பாவும் வந்து சேர்ந்தார். இருவரும் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. குழிக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, கேபிளின் கறுப்புத் தோலை உரித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நீலத்தோடு நீலம், ஆரஞ்சோடு ஆரஞ்சு. இழையின் நுனியைத் துடைத்து, நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் ஒரு மின்பொறி. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாகும். இருநூற்று எண்பத்தெட்டு முறை. முடிக்கும்போது மாலை நாலு மணி. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"கடைசி ரெண்டையும் பேசிப் பாத்துட்டு மூடிருவோம்," என்றார் ராசப்பா.

கடைசி இரண்டு இழைகளும் பதிவேட்டில் தனியாக இருந்தன. 287, 288: ஊர்ப் பங்கு, இருள் இழை. கேபிள் போட்ட காலத்தில் பதினோரு கிலோமீட்டர் நிலத்தை வாடகை இல்லாமல் விட்டுக்கொடுத்த பஞ்சாயத்து அதற்கு ஈடாக வாங்கிக்கொண்ட இழைகள் அவை; வழியிலுள்ள ஊர்கள் பலவும் அப்படித்தான் வாங்கியிருந்தன. ஒரு நாளும் அவற்றில் ஒளி ஏற்றியதில்லை. பழுது பார்த்த அன்று மட்டும், வாடிக்கையாளர்களின் ஒளியைத் தொந்தரவு செய்யாமல் இருக்க, பதினேழு குடில்களிலும் இந்த இரண்டையும் அடுத்த குடிலுக்குப் போகும் துண்டோடு கோத்து, நாக்பூர் வரை பேசிப் பார்ப்பார்கள். அன்று மாலையே பிரித்துவிட வேண்டும். வார்ப்பு இல்லாத குரலை இழைவழி நாட்டில் இவர்கள்தான், இப்படி எப்போதாவது, கேட்டார்கள். தங்களுக்குள் அதைப் பச்சைக் குரல் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ராசப்பா தன் குடிலுக்குப் போய்க் கோத்துவிட, உலகம்மை தன் குடிலுக்குத் திரும்பிப் பேசுகருவியை மாட்டினாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு.

"நாக்பூர் முனை. ஹமீது பேசுறேன். கேக்குதா?"

வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். பின்னால் தடதடவென்று ஒரு சத்தம்.

"நல்லாக் கேக்கு தம்பி. அங்க என்ன, மழையா?"

"கோடை மழைக்கா. தகரக் கூரை, காதே அடைக்குது. நீங்க எந்தக் குடில்? நம்மூர்ப் பேச்சா இருக்கே. நான் மேலப்பாளையம்."

உலகம்மைக்கு அந்த மழைச் சத்தத்தை விட மனசில்லை. "எங்க தம்பியும் அங்கதான்டே இருக்கான், குளிர்கூடத்துல. நயினார்னு பேரு. பக்கத்துல இருந்தா ஒரு நிமிசம் கூப்பிடேன். விதிக்கு மாறுதான். ஒரே ஒரு நிமிசம்."

மெல்லுகிற சத்தம் நின்றது.

"நயினாருக்கு அக்கா நீங்கதானா?"

"ஆமா."

ஹமீது உடனே பதில் சொல்லவில்லை. வார்ப்பில் இப்படிச் சும்மா இருக்கும் நேரம் வந்ததே இல்லை. மழை மட்டும் கேட்டது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ஒரு தடவைகூட வந்து பாக்கலையே, என்ன அக்காவோன்னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம்."

"எதுக்கு வந்து பாக்கணும்?"

"அவருக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாசம் ஆச்சு. வலது கை விளங்கல. பேச்சும் போயிருச்சு. எழுதவும் வரமாட்டேங்குது. உங்களுக்குத் தெரியாதா?"

உலகம்மை பக்கத்திலிருந்த பேட்டரிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"காலையில எட்டு மணிக்கு என்கூடப் பேசினானே."

"நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒரு வார்த்தை வரலக்கா. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

"இட்லி சாப்பிட்டேன்னு சொன்னான்," என்றாள் உலகம்மை. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

கருவி செய்தது அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவள். நயினாரின் உளறலில் அதற்குப் பொருள் கிடைக்கவில்லை. பொருள் கிடைக்காத இடத்தில் வழக்கமாக அவன் என்ன சொல்வானோ அதைப் போட்டு நிரப்பு என்பது அதற்குச் சொல்லிவைத்த விதி. பதினாலு மாதம் நிரப்பியிருக்கிறது. போன வருடம் அவனோடு தங்கியிருக்கும் ஒருவர் கூப்பிட்டு, 'நயினாருக்கு லேசா உடம்பு சரியில்ல, இப்பத் தேவலை' என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் உண்மையில் என்ன சொன்னாரோ! பதறியிருப்பார். பதற்றத்தைக் கருவி வடிகட்டிவிட்டது.

அரைமணி நேரத்தில் ஹமீது அவனைக் கூட்டிவந்தான். நாற்காலி இழுபடும் சத்தம். கனத்த மூச்சு.

"நயினாரு? ஏலே, நான்தான். அக்கா."

"க்... க்க... க்"

வார்த்தை தொண்டையில் மோதித் திரும்பிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு கேவல்.

"அக்கா," ஹமீது மெதுவாகச் சொன்னான், "உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிச்சுப் பேசுறீங்கன்னு நினைச்சுட்டாரு போல. உங்க குரலை நேரா கேட்டதும் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்றாரு."

உலகம்மை அழுதாள். பதினாலு மாதத்தில் நயினார் அவளிடமிருந்து கேட்ட முதல் அழுகை அதுதான். அவன் அடங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு எல்லாக் குடில்களுக்கும் வழக்கமான உத்தரவு வந்தது. சோதனை முடிந்தது, ஊர்ப் பங்கு இழைகளைப் பிரிக்கவும். உலகம்மை இழைகளைக் கோத்து வைத்திருக்கும் கோப்புத் தட்டைத் திறந்தாள். இழையின் மஞ்சள் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். பிறகு தட்டை மூடிவிட்டுப் பேசுகருவியை எடுத்தாள்.

"எல்லாக் குடிலும் கேளுங்க. கயத்தாறு உலகம்மை பேசுதேன். நான் பிரிக்கல."

நடந்ததைச் சொன்னாள். சுருக்கவில்லை, இட்லி வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்ததும் யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள்.

"கோயில்பட்டி," என்றார் ராசப்பா. "நானும் எடுக்கல தாயி."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சேலம். தருமபுரி. அனந்தபூரிலிருந்து ஒரு தெலுங்குக் குரல், அதிலாபாத்திலிருந்து இன்னொன்று. வார்தாவில் இருந்த பெண் மராத்தியில் ஏதோ நீளமாகப் பேசினாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் அந்தக் கோபம் புரிந்தது. பதினேழும் வந்தன.

ராத்திரியோடு செய்தி பரவி, மறுநாள் விடிந்ததும் ஊர் வந்துவிட்டது. நாக்பூரில் ஹமீது அந்தந்த ஆளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர, இங்கே ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வரிசை நின்றது. முதலில் போன மாடத்தி, கயத்தாற்றில் தையல் கடை வைத்திருப்பவள், புருசனோடு பேசப்போய்ச் சண்டையில் முடித்தாள். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பத்து வருசமா இந்த ஆளு என்கிட்ட ஒரு குத்தம் சொன்னதில்ல. இன்னைக்கு ஒம்போது குத்தம் சொல்லுதாரு. இருக்கட்டும், நாளைக்கு வந்து வச்சுக்கிடுதேன்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மகளின் களைத்த குரலை மூன்று நிமிடம் கேட்டார். பேசுகருவியை வைத்துவிட்டு, "எனக்குப் பழைய குரலே போதும்மா," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். உலகம்மை அவரைத் தடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு இழையகத்தின் வட்டார மேலாளர் சிவசைலம் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. உலகம்மையின் அம்மா இறந்தபோது மாலையோடு வந்தவர். கூட்டத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார்.

"என்ன உலகம்மை இது? பங்கீட்டுச் சட்டம் தெரியாதா உங்களுக்கு? பச்சைக் குரல் இழையில் போனால் அது குற்றம்."

"பஞ்சம் எப்ப சார் தீந்துச்சு?"

"எந்தப் பஞ்சம்?"

"இழைப்பஞ்சம். நாலு வருசத்துல தீந்துச்சு. அதுக்கு மேல பதினெட்டு வருசமா நம்ம கேபிள்ல பாதி இழை சும்மா கிடக்கு. நான் தினமும் பாக்கேன். பஞ்சம் போயிருச்சு, பஞ்சத்துக்குப் போட்ட சட்டம் மட்டும் ஏன் போகல?"

"இழையில் இடம் என்பது—"

"ஒரு குரலுக்கு எவ்வளவு இடம் வேணும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடல்ல ஒரு உப்புக்கல்லு. இடத்துக்காக இல்ல சார். பேச்சைக் கருவாக்குனாத்தான் அதுல என்ன இருக்குன்னு பிரிச்சு மொத்தமா விக்க முடியும். யாருக்கு என்ன வேணும், யாருக்கு என்ன பயம்னு. பச்சைக் குரலை யாரு வாங்குவா?"

சிவசைலம் குரலைத் தாழ்த்தினார். "ஜனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். வார்ப்பு வந்த பிறகு புகார் எவ்வளவு குறைந்திருக்கிறது தெரியுமா?"

"குறையும் சார். எங்க தம்பி பதினாலு மாசமாப் புகார் சொல்லிட்டுத்தான் இருந்தான். அதை நீங்க இட்லியாக்கிட்டீங்க."

சிவசைலம் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, கோப்புத் தட்டைத் திறந்து, 287ஐயும் 288ஐயும் நறுக்கினார். ஒலிபெருக்கியில் நாக்பூர் அணைந்தது. உள்ளே பாதி வாக்கியத்தில் நின்ற ஒரு கிழவர் பேசுகருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உலகம்மை தட்டை வாங்கினாள். அவர் கண்ணெதிரே இழையைத் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்தாள். இரண்டு பொறி. நாக்பூர் வந்துவிட்டது.

அவர் மறுபடி நறுக்கினார். அவள் மறுபடி சேர்த்தாள். மூன்றாவது தடவை நறுக்கிய பிறகு ஸ்பிளைசிங் மெஷினைப் பெட்டியோடு எடுத்துத் தன்னோடு வந்த ஆளிடம் கொடுத்தார்.

"உங்களைப் பணிநீக்கம் செய்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இது நிறுவனத்தின் கருவி."

"கொண்டு போங்க," என்றாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்தாள். மெஷின் வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான்; இரண்டு நுனியையும் எதிரெதிரே நுழைத்துக் கையால் அழுத்தினால் போதும். ஒளி கொஞ்சம் சிந்தும், ஆனால் போகும். "இது நிறுவனத்தோடது இல்ல. நான் காசு கொடுத்து வாங்குனது. இந்த இழையும் நிறுவனத்தோடது இல்ல, ஊரோடது. பதிவேட்டுல உங்க கையெழுத்தே இருக்கு."

அழுத்தினாள். டிக் என்று ஒரு சத்தம். "ஹலோ? ஹலோ? போச்சா?" என்று நாக்பூரில் யாரோ கத்தினார்கள். கிழவர் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

சிவசைலம் கத்தரியோடு ஒரு அடி எடுத்துவைத்தார். அப்போது மாடத்தி உள்ளே வந்து, தட்டுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு மண்வாரிக்காரர். அந்தச் சின்ன அறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. வெளியே எங்கேயாவது கேபிளையே வெட்டலாம் என்றால், அதே உறைக்குள்தான் வங்கிகளின் ஒளியும் எந்திர மூளைகளின் ஒளியும் போகின்றன. அதற்கு அவருக்குத் துணிவில்லை. மற்றக் குடில்களுக்குப் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பதினாறு குடில்களும் அதைப் படித்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்த்தன. அவர் கத்தரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, "வழக்குப் போடுவார்கள், உலகம்மை," என்றார்.

"போடட்டும் சார். கோர்ட்டுல நான் நேர்லயே வந்து பேசுதேன்."

மறுநாளே வழக்குப் போட்டார்கள். பஞ்சாயத்தும் எதிர்வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை ஊர்ப் பங்கைத் தொடக்கூடாது என்று நீதிபதி சொன்னார். தீர்ப்பு எப்படி வருமோ, யாருக்கும் தெரியாது. சேலத்திலும் அனந்தபூரிலும் ஜனங்கள் தங்கள் ஊர்ப் பதிவேடுகளைத் தூசி தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை வரிசை கொஞ்சம் ஓய்ந்தபோது உலகம்மை தன் முறைக்கு உட்கார்ந்தாள். நயினார் முன்பே வந்து காத்திருப்பதாக ஹமீது சொன்னான்.

"ஏலே, இங்க பாரு. ஊருக்கு வந்துரு. நான் பாத்துக்கிடுதேன். வைத்தியம் பாப்போம், எண்ணெய் போட்டு உருவிவிடுதேன். அங்கன ஒத்தையில கிடக்க வேண்டாம். என்ன?"

மூச்சு கேட்டது.

"மா..." என்றான் நயினார்.

அறையில் இருந்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. மாடத்தி வாயைத் திறந்தாள். உலகம்மை கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள். யாரும் நிரப்பவில்லை. விசிறி ஓடியது. நாக்பூரில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"ட்... ட்டே... ன்."

"மாட்டியா? ஏன்டே?"

ஹமீதின் குரல் குறுக்கிட்டது. "அக்கா, நான் சொல்லிக்கலாமா? நாலு நாளா இந்த முனையை அவருதான் காக்குறாரு. கோர்ட்டு உத்தரவு இந்த முனைக்குச் செல்லாதுன்னு சொல்லிக் கம்பெனி ஆளு ரெண்டு தடவை வந்தான். இவரு நாற்காலியைத் தட்டுக்கு முன்னால போட்டு, இடது கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையவே இல்ல. ராத்திரி இங்கயே படுக்குறாரு. இவரு எந்திரிச்சாத்தான் அவங்களுக்கு வழி கிடைக்கும்."

இத்தனை நாள் திரையில் ஒருவன் எதைக் கேட்டாலும் வாரேன்கா, சரிக்கா, ஆகட்டும்கா என்றான். அவனிடம் அவள் ஒரு வருடத்துக்கு மேல் ஏமாந்திருக்கிறாள். தன் தம்பி சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்காதவன் என்பதே மறந்துபோயிருந்தது.

"சரிடே," என்றாள். "நீ வராதே. எனக்கும் இப்ப வேலை கீலை ஒண்ணும் கிடையாது, நானே புறப்பட்டு வாரேன். அதுக்கும் மாட்டேன்னு சொல்லுவியா?"

மறுமுனையில் நயினார் சிரித்தான். ஒரு பக்கத்து உதடு ஒத்துழைக்காத, பாதியில் இருமலாக மாறிய, எச்சில் தெறிக்கிற சிரிப்பு.